வாசல் புல்லை வெட்டாத முள்ளம்பன்றி

முள்ளம்பன்றி கூரனுக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வேலையே இல்லை. ஐப்பசியில் அவன் மனைவி காத்தாயி, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஆற்றைத் தாண்டி அக்கரை மலைக்குப் போனாள். வளை வாசலில் உயர்ந்து நின்ற புல்லை விலக்கிக்கொண்டு போனவள்தான், மாசி பிறந்தும் வரவில்லை. பாவம், இரை தேடப் போனாலும் பாதியில் திரும்பி ஓடி வருவான். அவள் வந்து, ஆளைக் காணாமல் தேடுவாளோ என்ற பயம்.

அந்த மலையில் ஒரு சட்டம் உண்டு. பங்குனி வெயில் வருவதற்குள் அவரவர் வளையைச் சுற்றிப் பத்தடிக்குக் காய்ந்த புல், சருகு, சுள்ளி எல்லாவற்றையும் அகற்றிவிட வேண்டும். தீ வந்தால் தின்ன அங்கே மண்ணைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது. பன்றிகள் மூக்கால் கிளறின. முயல்கள் பல் வலிக்க வலிக்கக் கடித்துப் போட்டன. கூரன் மட்டும் ஒரு புல்லைக்கூடத் தொடவில்லை.

வாசல் வாசலாகப் பார்த்து வந்த காட்டெருமை கரியண்ணன் அங்கே நின்றுவிட்டது.

"என்ன கூரா, இது அப்படியே நிக்குது?"

"வெட்ட மாட்டேன் அண்ணே. இதைப் பாத்துத்தான் காத்தாயிக்கு வீடு அடையாளம் தெரியும். வெட்டிட்டா, வந்தவ வேற யார் வீடோன்னு போயிடுவா."

கரியண்ணன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தது. நான் மேய்ந்து தருகிறேன், நீ சும்மா இரு என்றுகூடச் சொன்னது. கூரன் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு குறுக்கே நின்றான். ஆசை கண்ணை மறைத்துவிட்டால் யார் பேச்சு காதில் ஏறும்? நாளைக்கு வருகிறேன் என்று கரியண்ணன் போய்விட்டது.

மறுநாள் உச்சிவெயிலில் மேற்கே புகை கிளம்பியது. காற்றும் சேர்ந்துகொண்டது. தீ மலையேறி வந்து, மண்ணாய்க் கிடந்த வாசல்களை ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டு போனது. கூரன் வாசலில் மட்டும் பசியோடு உள்ளே நுழைந்தது. வளை முழுக்கப் புகை. பின்வழியாக எப்படியோ வெளியே விழுந்து, முள் கருகி, கால் வெந்து, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பாறை இடுக்கில் போய்ச் சுருண்டான். எட்டு நாள் எழுந்திருக்கவில்லை. அவன் உயிரோடு இருப்பது யாருக்கும் தெரியாது.

ஒன்பதாம் நாள் நொண்டி நொண்டித் திரும்பி வந்தான். வழியில் ஒரு தவிட்டுக்குருவி அவனைப் பார்த்து அலறிவிட்டது.

"கூரண்ணே! நீ சாகலையா?" என்றது. அப்புறம் குரல் இறங்கிப்போய், "காத்தாயி அக்கா வந்திருந்தாங்க" என்றது.

கூரன் நொண்டிக்கொண்டே அதன் கிட்டே வந்தான். "எப்போ?"

"தீ அணைஞ்ச மூணாம் நாள். அம்மாவும் கூட வந்தாங்க. உடம்பு தேறினதும் கூட்டிக்கிட்டு வந்தாங்களாம்."

"வீடு அடையாளம் தெரிஞ்சுதா அவளுக்கு?"

"தெரியாம என்ன? கரிக்காட்டுல ஒரு புல் இல்லை. ஆனா நேரா உன் வாசலுக்குத்தான் வந்தாங்க. பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. விடிய விடியக் கூப்பிட்டாங்க. எல்லா வளையிலிருந்தும் எல்லாரும் எட்டிப் பாத்தாங்க. உன் வளையில மட்டும் யாரும் இல்லை. நீ செத்துட்டேன்னு நாங்கதான் சொன்னோம், அண்ணே."

கூரன் கருகிய வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். கரியண்ணன் வந்து பக்கத்தில் நின்றது. ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. அவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று அவன் கேட்டான். அக்கரை மலைக்குத் திரும்பவில்லை, கிழக்கே போனார்கள், எந்த மலைக்கு என்று சொல்லவில்லை என்றது கரியண்ணன். வெந்த காலோடு கூரன் அப்போதே கிழக்கே நடந்தான். காத்தாயி, காத்தாயி என்று அவன் கூப்பிடுவது வெகுநேரம் கேட்டது. பதில் குரல் வரவில்லை.

அன்புக்குரியவருக்காகக் காத்திருப்பவர், அவர் வந்து அழைக்கும்போது பதில் சொல்லத் தம் உயிரையும் வீட்டையும் முதலில் காத்துக்கொள்ள வேண்டும்.