மட்டி வாய் திறக்கும் நேரம்

கடலும் கரையும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்தில் ஜப்பானின் வடக்கே ஒரு குடாவில், மணலுக்குள் புதைந்து வாழும் மட்டிச் சிப்பிகளைப் போன்ற வாயாடிகள் வேறெவரும் இல்லை.

கடல் வற்றியதும் பெண்கள் கூடையோடு மணல்திட்டுக்கு வருவார்கள். அவர்களுக்கும் மட்டிகளுக்கும் ஓர் உடன்பாடு இருந்தது. சோயா விழுதான மிசோவைக் கரைத்து வைக்கும் சாற்றுக்கு, வீட்டுக்கு ஒரு பானை அளவே எடுக்க வேண்டும். கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியதைத் தொடக்கூடாது. அதற்கு ஈடாக, கடல் திரும்பும் அதிர்வை மணலுக்கடியில் முதலில் உணரும் மட்டிகள், "நீர் வருகிறது, கரைக்குப் போங்கள்!" என்று கூவ வேண்டும். பனிமூட்டம் விலகாத அந்தக் குடாவில் கண்ணை நம்பித் திட்டில் இறங்கியவர் எவருமில்லை.

தோமே என்ற கைம்பெண்ணைக் கண்டால் கிழ மட்டிக்குக் கேலி செய்யாமல் இருக்க முடியாது.

"என்ன தோமே, நேற்று மிசோவைக் கொதிக்கவிட்டுவிட்டாயா? கொதித்தால் அதன் மணம் போய்விடுமே. நீ வீசிய ஓடுகளில் மணமே இல்லை!"

"உன்னைப் போட்டிருந்தால் மணத்திருக்கும். வருகிறாயா?" என்பாள் அவள்.

ஓர் ஆண்டு கோடையிலேயே பனி விழுந்து நெற்பயிர் கருகியது. தோமேயின் வீட்டில் மிசோ ஜாடியின் அடியில் ஒரு கைப்பிடி விழுதுதான் எஞ்சியது; உண்ண அவளும் நாவோ என்ற எட்டு வயது மகளும் இருந்தார்கள். மட்டிகளைக் காயவைத்துக் குளிர்காலத்தைக் கடந்துவிடலாம் என்று தோமே இரண்டு பெரிய கூடைகளோடு வந்தாள்.

"அம்மா, இது நகத்தைவிடச் சின்னது," என்றாள் நாவோ.

"உன் நகத்தை வைத்துப் பார்."

"என் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது."

"அப்படியானால் போடு. யாருடைய நகம் என்று யாரும் சொல்லவில்லை."

அதன் பிறகு குழந்தையின் நகமே அளவாயிற்று. முதல் கூடை நிறைந்தது. வெறும் மணலைக் கிளறிச் சலித்த தோமே, இரண்டாவது கூடையை நாவோவிடம் கொடுத்து, சிறு கால்வாய்க்கு அப்பாலிருந்த திட்டுக்கு அனுப்பினாள்.

மணலுக்கடியில் மட்டிகள் கொதித்தன. "நம் குஞ்சுகளையும் அள்ளிவிட்டாள். இனி எதற்குக் கூவ வேண்டும்?"

"கூவுவோம்," என்றது கிழ மட்டி. "வாக்கு வாக்குதான். ஆனால் எப்போது கூவ வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லையே. நீர் அவள் முழங்காலைத் தொடட்டும். பயத்தில் கூடையைப் போட்டுவிட்டு ஓடுவாள்; நம் குஞ்சுகள் தப்பிக்கும்."

கடல் திரும்பியது. மட்டிகள் அத்தனையும் அதை உணர்ந்தன. ஒன்றும் வாய் திறக்கவில்லை. பனிமூட்டத்தில் குனிந்திருந்த தோமேயின் பாதம் நனைந்தது; கூவல் கேட்காததால் அவள் நிமிரவில்லை. முதலில் நிரம்புவது கால்வாய்தான் என்பதை மணலுக்குள் கிடப்பவை அறிந்திருக்கவில்லை. தாயின் முழங்காலை நீர் தொட்டபோது எல்லா மட்டிகளும் ஒரே குரலில் கூவின.

"நாவோ!" என்று தோமே அலறினாள்.

"அம்மா, தண்ணீர்..." என்று அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது. பிறகு வரவில்லை. மறுநாள் நாவோவின் கூடை மட்டும் கரையொதுங்கியது.

அடுத்த முறை கடல் வற்றியபோது தோமே திட்டில் மண்டியிட்டு, "ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று கேட்டாள். மட்டிகள் ஓடுகளை இறுக மூடிக்கொண்டன. கத்தியால் நெம்பினாள், திறக்கவில்லை. ஒரு பானை அளவுக்கு மட்டும், தன் கட்டைவிரல் நகத்தை வைத்து அளந்து எடுத்துக்கொண்டாள். அவற்றில் கிழ மட்டியும் இருந்தது.

குளிர்ந்த நீரில் அவற்றைப் போட்டு அடுப்பேற்றினாள். நீர் சூடேறிக் குமிழியிட்டதும் ஒரு மட்டி வாயைப் பிளந்தது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாம்.

"இப்போதா?" என்றாள் தோமே.

கிழ மட்டி மட்டும் திறக்கவில்லை. அதைக் கரண்டியால் எடுத்து வெளியே எறிந்தாள். தீயைத் தணித்து, கடைசிக் கைப்பிடி மிசோவைக் கரைத்து, இரண்டு கிண்ணங்களில் ஊற்றினாள். ஒன்று ஆறிப்போகும்வரை அப்படியே இருந்தது.

மட்டிகள் கடலில் ஊமையாகக் கிடந்து, கொதிக்கும் பானையில் மட்டும் வாய் திறப்பது அன்றிலிருந்துதான். அங்கேயும் திறக்காத ஒன்றை எந்த வீட்டிலும் எவரும் உண்பதில்லை.