மூன்றாவது பொட்டு

கேளுங்கள், அரசர்கள் பொம்மைக்கு ஆசைப்பட்ட காலத்துக் கதை இது. பித்தளை வேலைக்காரன் அம்மையப்பன் தன் மனைவி செங்கமலத்தைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் ஒரு பொம்மைத் தேரின் கொப்பரையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஆவியால் ஓடும் தேர் அது. கொப்பரைக்கு அடியில் விளக்கு. மேலே ஒரு துளை, துளைமேல் மிளகளவு மூடி. ஆவி மிஞ்சினால் மூடி எழும்பிச் சீறும்.

அம்மையப்பன் செய்யும் ஒவ்வொரு தேரையும் செங்கமலம் மூன்று முறை கொதிக்கவைப்பாள். சிறு சுடரில் ஒருமுறை. பெருஞ்சுடரில் ஒருமுறை. மூன்றாம் முறை சக்கரத்தை ஓடவிடாமல் பிடித்துக்கொண்டு, மூடி எழும்புகிறதா என்று குனிந்து பார்ப்பாள். கொதித்த ஒவ்வொரு முறைக்கும் சுவரில் ஒரு மஞ்சள் பொட்டு. மூன்று பொட்டு விழாத தேர் வாசல் தாண்டாது.

அரசர் முன் தேர் முதலில் ஓடிய நாளில், "சீறுகிறதே! என் முன்னால் மந்திரிகூடச் சீறமாட்டான்" என்றார் அவர். சபை சிரித்தது. அம்மையப்பன் மூடியைக் கனமாக்கினான். இரண்டாம் நாளும் சீறியது. மூன்றாம் நாள் அரசர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சீறாத தேர் செய். உன்னைப் பல்லக்கில் ஏற்றி அழைத்துவரச் சொல்கிறேன்."

செங்கமலம் கேட்டுச் சிரித்தாள். "சீறட்டும் விடுங்க. அந்தச் சபையிலே உண்மை பேசுறது அது ஒண்ணுதான்."

அவள் ஆற்றுக்குப் போன நேரத்தில் அம்மையப்பன் மூடி எழும்பாதபடி அதன் விளிம்பை ஈயத்தால் பற்றவைத்து, தேர் தயார் என்று அரண்மனைக்குச் சொல்லியனுப்பினான். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

மறுநாள் அவனைப் பல்லக்குக்கு அழைக்க அரண்மனை ஆள் வந்தது. "தேரைத் துடைச்சு வை. அரண்மனைக்குப் போய்ப் பல்லக்கோடு வர்றேன்" என்றான் அம்மையப்பன் மனைவியிடம்.

"இன்னும் பொட்டு வைக்கலியே?"

"இதுக்கு வேண்டாம்."

"ஏன், இது மட்டும் மானத்திலிருந்து குதிச்சதோ?" என்று அவள் தண்ணீர்க் குடத்தைச் சாய்த்தாள்.

உண்மை அவன் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் மூடியைப் பெயர்த்துவிடுவாள். தெருவில் கொம்பு ஊதியது. விழுங்கிக்கொண்டு போனான்.

பல்லக்கில் அமர்ந்து வீட்டுக்கு வரும் வழியில் தெருமுனை திரும்பும்போது, அவன் வீட்டிலிருந்து அந்த வெடிச் சத்தம் கேட்டது.

செய்தி அறிந்து அரசர் ஒரு கேள்விதான் கேட்டார். "தேர் என்ன ஆயிற்று?"

பெரியவர்களின் காதுக்கு இதமாக இருக்கவேண்டும் என்பதற்காக, எச்சரிக்கும் வாயை அடைப்பவன், தன்னை நம்பியவரைத்தான் பலி கொடுக்கிறான்.

அந்தச் சுவரில் வரிசைக்கு மூன்று பொட்டுகள். கடைசி வரிசையில் இரண்டு.