வாயில்லாப் பாதி

அம்பலவாணர் கட்டிப் பார்த்த காவியை அவருடைய இடது கையே அவிழ்த்துக்கொண்டிருந்தது. வலது கை பதறிப்போய் முடிச்சைப் பிடித்தது. நட்ட நடுப்பகலில், மடத்துக் கூடத்தில், பங்காளிகள் மாதிரி இரண்டு கைகளும் மல்லுக்கட்டின. அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

மறுநாள் காலை அவருக்குத் துறவு தீட்சை. தீராத வலிப்புக்காகத் தலையில் கத்தி வைத்துப் பிழைத்த மனிதர். பிழைத்த உயிர் இறைவனுக்கே என்று வீட்டை விட்டு வந்துவிட்டார். ஆனால் தலைக்கட்டுப் பிரித்த நாளிலிருந்தே இடது கை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. வலது கை பூசிய திருநீற்றை அது அழிக்கும். பாராயணத்துக்குத் திறந்த புத்தகத்தை மூடிவைக்கும். பேய்தான் என்று மடத்தில் முடிவு கட்டிவிட்டார்கள். உலகத்தைத் துறந்தவர்களுக்கும் பேய்ப் பயம் மட்டும் போவதில்லை.

குரு அருளம்மை அவரைவிட வயதில் இளையவர். மடத்துக்கு வருமுன் மூளை மருத்துவராக இருந்தவர்.

"அம்மா, இதைக் கட்டிப்போட்டாவது எனக்குத் தீட்சை கொடுத்துடுங்க. பயமா இருக்கு. இது என் கையே இல்லை."

"வேற யார் கை?"

"அதைத்தாம்மா கேட்க வந்தேன். பேயா?"

"பேயா இருந்தா போன்னு சொல்லிடலாம், ஐயா."

அம்மை அவரை உட்காரச் சொன்னார்.

"மூளை ரெண்டு பாதி. இடப்பாதி வலது கையை ஆட்டும். பேச்சும் பெரும்பாலும் அதுகிட்டதான். வலப்பாதி இடது கையை ஆட்டும். ரெண்டுக்கும் நடுவுல நரம்புப் பாலம் ஒண்ணு உண்டு. வலிப்பு ஒரு பக்கத்துலேருந்து இன்னொரு பக்கம் தாவக்கூடாதுன்னு உங்களுக்கு அதை வெட்டியிருக்காங்க."

"அப்போ அந்தப் பாதி?"

"அங்கேயேதான் இருக்கு. நாம பேசறதைக் கேட்டுக்கிட்டும் இருக்கு. அதுக்கு வாய்தான் இல்லை."

அம்பலவாணர் குனிந்து பார்த்தார். இடது கை மடியில் அசையாமல் கிடந்தது.

தீட்சைக்கு முன்பு வீட்டிலிருந்து கொண்டுவந்த பொருளையெல்லாம் குருவிடம் ஒப்படைப்பது அந்த மடத்து வழக்கம். அம்மை உள்ளே போய், அவர் ஒப்படைத்த மூட்டையிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். துண்டால் அவர் கண்ணைக் கட்டினார். இடது உள்ளங்கையில் அதை வைத்தார்.

"கையில என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லையேம்மா."

"தடவிப் பாருங்க."

"சத்தியமா ஒண்ணும் இல்லை."

வாய் சத்தியம் செய்துகொண்டிருக்கும்போதே கை உயர்ந்தது. எதிரே தரையில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல, ஒரு தலையின் உயரத்துக்கு வந்து நின்றது. பிறகு மெல்லக் கீழே இறங்கியது. மறுபடி உயர்ந்தது. பாதி வழியில் எதிலோ சிக்கி நின்றது. வலிக்காமல் சிக்கெடுத்து, மேலும் இறங்கியது.

கூடத்தில் வேடிக்கை பார்த்து நின்ற மடத்துக்காரர்கள் பின்வாங்கினார்கள். எதிரே யாரும் இல்லை.

"கை என்ன பண்ணுது, ஐயா?"

"கொசு மொய்க்குதும்மா. விரட்டறேன்."

கூடத்தில் ஒரு கொசுகூட இல்லை. அம்மை துண்டை அவிழ்த்தார். அம்பலவாணர் தன் கையைப் பார்த்தார். அதில் ஒரு மரச்சீப்பு இருந்தது.

அது அவர் மனைவி செண்பகவல்லியின் சீப்பு. வாதம் வந்து அவளுக்குக் கைகள் விழுந்த நாளிலிருந்து தலை வாரிவிட்டவர் அவர்தான். இப்போது அவள் தன் அண்ணன் வீட்டில் படுத்திருக்கிறாள்.

"அவ சம்மதிச்சாம்மா," என்றார். "நிம்மதியாப் போங்கன்னு சொன்னா. நானும் மனசாரத்தான் வந்தேன்."

"நீங்க வந்தீங்க. இந்தக் கையைக் கேட்டீங்களா?"

கை வாரிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த வலது கையை நீட்டியவர், ஏனோ பாதியில் இழுத்துக்கொண்டார். கண்ணீர் தாடியில் இறங்கியது.

"அப்போ நாளைக்குத் தீட்சை?"

"உங்களுக்கு நாளைக்கே கொடுக்கலாம், ஐயா," என்ற அம்மை இடது கையைக் காட்டினார். "அவர் இன்னும் தலை வாரி முடிக்கலையே."