காலடி கேட்டால் சில்வண்டு ஏன் அடங்குகிறது

அந்தக் காலத்தில் பூச்சிக்கும் மிருகத்துக்கும் பேச்சு இருந்தது. பேச்சு இருந்ததால் வம்பும் இருந்தது. கரட்டுக்காட்டில் ஒரு வெள்வேல மரம். அதில் சிலம்பன் என்றொரு சில்வண்டு குடியிருந்தான். வெயில் ஏற ஏற வயிற்றை எக்கி எக்கி ஒரே சுருதியில் ரீங்கரிப்பான். அதை ஒருத்தரும் பாட்டென்று மதிக்கவில்லை. "காதைக் குடையாதே, எங்கேயாவது போய்த் தொலை" என்று மைனா திட்டும். சிலம்பனுக்கு அது பெரிய மனக்குறை.

அந்த மரத்தடிப் புதருக்குக் குட்டி போட வந்தாள் வேம்பி என்ற முயல். பாவம், அவளுக்குப் பயமென்றால் அப்படியொரு பயம்! போன தடவை போட்ட குட்டிகளைக் கழுகுக்குப் பறிகொடுத்தவள். சருகு அசைந்தால் போதும், காது விறைக்கும், உடம்பு வெடவெடக்கும். அந்த நடுக்கத்தில் மடியில் பால் இறங்கவே இல்லை. மூன்று குட்டிகளும் வெறும் காம்பைச் சப்பிச் சப்பி ஓய்ந்து கிடந்தன.

அப்போது மேலே சிலம்பன் பாட ஆரம்பித்தான். ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக ஓடும் அந்த ரீங்காரத்தைக் கேட்கக் கேட்க வேம்பியின் படபடப்பு அடங்கியது. காது சாய்ந்தது, கண் செருகியது, பால் சுரந்தது.

"அண்ணே, உன் பாட்டுலதான் என் பிள்ளைங்க பிழைச்சுது" என்றாள்.

சிலம்பனுக்குத் தலைகால் புரியவில்லை. "நீ கவலையே படாதே தாயி. நான் மேலே இருக்கேன், நாலு பக்கமும் தெரியுது. பாட்டு கேட்கிற வரைக்கும் நிம்மதியாத் தூங்கு. எவனாவது வந்தா நிறுத்திடுறேன். நின்னுதுன்னா குட்டிகளைக் கூட்டிக்கிட்டு ஓடிடு."

இப்படியே பத்து நாள் போனது. குட்டிகள் கொழுகொழுவென்று ஆகிவிட்டன.

பதினோராம் நாள், உச்சிவெயிலில் ஒரு காட்டுப்பூனை வந்தாள். பதுங்கிக் கிதுங்கி வரவில்லை. மரத்தோரமாக உட்கார்ந்து, தலையை ஆட்டி, வாலால் தாளம் போட்டாள். சிலம்பன் நிறுத்தத்தான் போனான். பொய் சொல்லக்கூடாது, நிறுத்தத்தான் போனான்.

"ஐயோ வித்துவானே, என்னைப் பார்த்து நிறுத்திடாதீங்க!" என்றாள் பூனை, தணிந்த குரலில். "இதைப் போய்க் காது குடைச்சல்னு சொல்லுதே இந்தக் காடு, அதுங்களுக்கு என்ன தெரியும்? இந்த ஒரு சுற்றை மட்டும் முடிங்க. கேட்டுட்டு எழுந்து போயிடறேன்."

பாழாய்ப்போன புகழ்ச்சி! அவனை வித்துவான் என்று கூப்பிட்ட முதல் ஜீவன் அது. ஒரு சுற்றுதானே, முடித்துவிட்டு நிறுத்தினால் போச்சு என்று நினைத்தான். நினைத்ததோடு விட்டானா, கண்ணையும் மூடிக்கொண்டான். அதுவரை பாடாத அளவுக்கு உருகி உருகிப் பாடினான். கீழே வேம்பி இன்னும் நன்றாகத் தூங்கிப் போனாள்.

சுற்று முடிந்தது. நிறுத்தினான். கண்ணைத் திறந்தால் பூனையைக் காணோம்.

பாட்டு நின்றதும் வேம்பி திடுக்கிட்டு எழுந்தாள். பேசி வைத்தபடி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு ஓடப் பார்த்தாள். கூட்டிக்கொண்டு ஓட அங்கே ஒன்றும் இல்லை. புல்லில் ரத்தமும் நாலு கொத்து ரோமமும்தான் கிடந்தன. அவள் மடியில் பால் கட்டிச் சொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, பாட்டு கேட்டுக்கிட்டேதானே இருந்துச்சு?" என்றாள்.

"ஒரே ஒரு சுற்றுதான் தாயி..." என்றான் சிலம்பன்.

வேம்பி கத்தவில்லை, சாபம் விடவில்லை. "என் பயம் எனக்குக் காவலா இருந்துச்சு. அதைத் தூங்க வெச்சியே, பாவி! பாலில்லாம வத்திப்போய்க் கிடந்தாலும் என் பிள்ளைங்க உசிரோட கிடந்திருக்குமே" என்றாள். அப்புறம் வெயிலில் இறங்கிப் போய்விட்டாள்.

அன்றைக்குச் சிலம்பனைப் பிடித்த நடுக்கம் அவன் வம்சத்தையே விடவில்லை. இன்றும் காலடி கேட்டால் சில்வண்டு சட்டென்று அடங்கிவிடும். வருவது மேய்கிற மாடாக இருந்தாலும் சரி, விறகு பொறுக்குகிறவராக இருந்தாலும் சரி, அதற்கு அந்தப் பூனைதான். அடங்கி என்ன பிரயோசனம்? பாட்டு நின்றதை அறிந்து எழுந்து ஓட மரத்தடியில் எந்த முயலும் அசந்து தூங்குவதில்லை. அன்று முதல்தான் முயல் திறந்த கண்ணோடு தூங்குகிறது.