மூக்களவு மருந்து

காட்டு ஏரிக்கரையில் ஒரு செவிலியர் பள்ளி இருந்தது. அதை நடத்தியது ஒரு நாரை. முன்பெல்லாம் அங்கே பறவைகள் மட்டுமே படித்தன. காட்டில் நோய் பெருகியதும், இனி எல்லா இனத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வதாக நாரை அறிவித்தது. காடே அதைப் பாராட்டியது. பாராட்டு என்றால் நாரைக்கு ரொம்பப் பிடிக்கும்.

அந்த ஆண்டு பொம்மி என்ற முள்ளம்பன்றி சேர்ந்தாள். முந்தின மழைக்காலத்தில் அவளுடைய தம்பிகள் காய்ச்சலில் செத்துப்போயிருந்தார்கள். வளைக்குள் நுழைந்து மருந்து கொடுக்க எந்தப் பறவையாலும் முடியவில்லை. இன்னொரு முறை அப்படி நடக்கக் கூடாது என்றுதான் அவள் படிக்க வந்தாள்.

முள் குத்தும் என்று வகுப்பில் ஒருவரும் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். மருந்துப் பாடம்தான் அவளை வாட்டியது. அந்தப் பள்ளியில் மருந்தைப் பறவை மூக்கால், அதாவது அலகால், அளப்பது வழக்கம். மூக்கு நுனியைச் சாற்றில் ஒரு முறை தோய்த்து நோயாளியின் வாயில் விட்டால் அது ஒரு மூக்கு. நாரை எவ்வளவு தோய்க்க வேண்டும், மைனா எவ்வளவு தோய்க்க வேண்டும் என்று பறவைகளுக்கெல்லாம் கணக்கு இருந்தது. மற்றப் பிள்ளைகளுக்குக் கணக்கே கிடையாது. அவர்களைச் சேர்த்துக்கொண்ட நாரைக்கு அது தோன்றவே இல்லை.

ஒரு நாள் பொம்மி எழுந்து, கையால் அளந்தால் ஒரு மூக்கு எவ்வளவு வரும் என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது.

"எல்லாருக்கும் ஒரே பாடம்தான். உனக்கு மட்டும் தனியா சொல்லிக்கொடுத்தா அது நியாயமா?" என்றது நாரை.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. புரிந்ததா என்று நாரை கேட்கும்போதெல்லாம் மற்றவர்களோடு சேர்ந்து தலையாட்டினாள். முன்வரிசை மைனாவுக்கு அவள் தடுமாறுவது தெரியும். நமக்கெதற்கு வம்பு என்று இருந்துவிட்டது.

மழை பிடித்தது. காய்ச்சலும் வந்தது. நாரை ஒவ்வொரு மாணவரையும் ஒரு நோயாளியிடம் அனுப்பியது. பொம்மிக்கு ஒரு மான்குட்டி. கருவேர்ச் சாறு மூன்று மூக்கு கொடுக்க வேண்டும். குறைந்தால் காய்ச்சல் இறங்காது, கூடினால் மூச்சு நின்றுவிடும்.

பொம்மி சாற்றுச் சட்டியின் முன் நின்றாள். திரும்பிப் போய்க் கேட்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. பாவம், உள்ளங்கையைக் குவித்து மூன்று முறை அள்ளிக் கொடுத்தாள்.

பொழுது சாய்வதற்குள் மான்குட்டியின் மூச்சு அடங்கிவிட்டது.

"தெரியலைன்னா கேட்டிருக்கலாமே, தாயி," என்றது தாய்மான்.

"கேட்டேன்க்கா," என்றாள் பொம்மி. "ஒரு தடவை கேட்டேன்."

நாரை வந்து பார்த்தது. இந்த இனத்துக்குப் படிப்பு ஏறாது என்று தனக்கு அப்போதே தெரியும் என்று சொல்லி, அவளைப் பள்ளியை விட்டு நீக்கியது.

பொம்மி மழையில் நனைந்துகொண்டே வளைக்குத் திரும்பினாள். அங்கே அவள் அம்மா காய்ச்சலில் படுத்திருந்தாள். பொம்மிக்கு மருந்தின் பேர் தெரியும். அந்த வேர் எங்கே கிடைக்கும் என்றும் தெரியும். எவ்வளவு கொடுப்பது என்பதுதான் தெரியவில்லை.

பள்ளியில் இடம் கொடுத்துவிட்டுப் படிக்க வழி கொடுக்காதவரே, அந்தப் பிள்ளையின் தோல்விக்கும் அதனால் வரும் அழிவுக்கும் பொறுப்பாவார்.