வெள்ளரி வாய் திறக்காத கதை

அந்தக் காலத்தில் ஆட்டுக்கும் வண்டுக்கும் கொடிக்கும் பேச்சு உண்டு. வெள்ளரிக்குக் கசப்பு கிடையாது. தளிர், தண்டு, காய் எல்லாமே தித்திப்பு. அதனால் அதைத் தின்னாத வாய் இல்லை.

ஒரு கோடையில் மழை பொய்த்தது. கரட்டு மேட்டில் புல் காய்ந்ததும் ஆடுகள் வேலி தாண்டின. ஊரிலிருந்த வெள்ளரிக் கொடிகள் ஒவ்வொன்றாக ஆட்டு வயிற்றுக்குள் போயின. மிஞ்சியது ஒன்றுதான். ஒச்சம்மா வீட்டுக்குப் பின்னால், பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் இடத்தில் அது படர்ந்திருந்தது. அதில் ஒரே ஒரு காய் நின்றிருந்தது. அது பழுத்தால் விதை உண்டு. பழுக்காவிட்டால் அந்த ஊரில் இனி வெள்ளரி இல்லை. இது ஒச்சம்மாவுக்கும் தெரியும், கொடிக்கும் தெரியும்.

ஒச்சம்மா வீட்டிலேயே ஓர் ஆடு இருந்தது. நெற்றியில் வெள்ளை விழுந்த ஆடு, பெயர் சுட்டி. அதன் குட்டி இன்னும் பால் மறக்கவில்லை. வெள்ளரியின் பாத்தியில் அதனுடன் கூடவே முளைத்த மற்றொரு கொடியைத் தின்றது சுட்டிதான். கொடி அதை மறக்கவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம், தரிசில், ஒரு குமட்டிக் கொடி கிடந்தது. அதன் காயை எந்த மிருகமும் முகர்ந்துகூடப் பார்க்காது. வெள்ளரி வேலியின் மேல் ஏறி அதனிடம் பேச்சுக் கொடுத்தது.

"அக்கா, உன்னைய மட்டும் ஒருத்தரும் தொடுறதில்லையே."

"தொட்டா துப்பிருவாங்க. அம்புட்டுக் கசப்பு."

"எனக்கும் கொஞ்சம் குடு."

குமட்டி உடனே கொடுத்துவிடவில்லை. "ஆட்டை வெரட்டும், சரி. ஆனா கசப்பைத் தேடியே வர்ற கூட்டமும் ஒண்ணு இருக்கு. எனக்குத் தண்டு கெட்டி, தாங்கிக்குவேன். நீ கழுவுன தண்ணியில வளந்தவ."

"வர்றவங்க வரட்டும். இந்தக் காய் பழுத்தாப் போதும்."

"அப்ப வீட்டுக்காரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்புடு."

"சொல்றேன்" என்றது வெள்ளரி.

இரண்டு கொடிகளும் சுருளோடு சுருள் பின்னிக்கொண்டன. கசப்பு இந்தப் பக்கம் வந்தது. வெள்ளரி ஒச்சம்மாவிடம் சொல்லவில்லை. கசக்கிற வெள்ளரியை யார் வைத்திருப்பார்கள், வேரோடு பிடுங்கிவிடுவாள் என்று பயந்தது.

சுட்டி ஒருநாள் கயிற்றை அறுத்துக்கொண்டு பாத்திக்குள் வந்தது. ஓர் இலையை நக்கியது. முகத்தைச் சுளித்துத் துப்பியது.

"என்னடி இது, வேப்பங்கொழுந்து மாதிரி? ஒடம்புக்கு என்ன?"

"உனக்கென்ன வந்துச்சு? வேணாம்னா போ."

சுட்டி போய்விட்டது. மண்ணில் அதன் குளம்படிகள் மட்டும் நின்றன.

அடுத்து வண்டுகள் வந்தன. செம்மஞ்சள் முதுகு, சிறிய உடம்பு. காற்றில் வந்த கசப்பு வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்து, விருந்து வீட்டில் பந்திக்கு உட்காருவதுபோல் இலைக்கு அடியில் உட்கார்ந்தன. கடித்த இடத்தில் அவற்றின் வாயிலிருந்த நோய் கொடிக்குள் இறங்கியது.

உச்சி வெயிலில் கொடி தலை தொங்கியது. பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்தது. மறுநாளும் அப்படியே. ஒச்சம்மா ஓடி ஓடித் தண்ணீர் ஊற்றினாள். அவள் புருஷன் சின்னாண்டி பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஏண்டி, கொடத்தை வச்சிட்டு மண்ணைத் தொட்டுப் பாரு. நாத்தே நடலாம் போல இருக்கு."

"வாடுதுல்ல. வேற என்ன செய்யச் சொல்றீக?"

"தாகத்துல வாடுனது ஊத்துன தண்ணிக்கு எந்திரிச்சிருக்கணும். இது தாகமில்ல."

அதுவரை அவன் சொன்னது சரி. அடுத்துச் சொன்னதுதான் தவறு.

"அடிப்பக்கம் பாரு, குளம்படி. உன் செல்லம்தான் வேரைக் கடிச்சிருக்கு."

ஒச்சம்மா சுட்டியை இழுத்துவந்து கொடியின் முன்னால் நிறுத்தினாள்.

"நக்கிப் பாத்தேன், ஆத்தா. கசந்துச்சு, விட்டுட்டேன்" என்றது சுட்டி.

சின்னாண்டி சிரித்தான். "வெள்ளரி கசந்துச்சாம். அடுத்து கரும்பு உறைக்குதுன்னு சொல்லும்."

"நான் சொன்னா நம்ப மாட்டீக. கொடியையே கேளுங்க."

ஒச்சம்மா குனிந்து கேட்டாள். "சொல்லு தாயி. இது உன்னையக் கடிச்சுதா, இல்லையா?"

இல்லை என்று ஒரு சொல் போதும். சொன்னால் கசப்பு எப்படி வந்தது என்ற கேள்வி வரும். காய் இன்னும் பழுக்கவில்லை. தன் கூடப்பிறந்தவளைத் தின்ற வாய் எதிரே நிற்கிறது. கொடி பேசவில்லை.

"பாத்தியா, சொல்லவே பயப்படுது" என்றான் சின்னாண்டி.

சுட்டி கொடியைப் பார்த்து, "உன் வாயில என்ன, மண்ணா?" என்றது. அதுதான் அது பேசிய கடைசிப் பேச்சு. அன்று மாலை தெருவுக்கே கறி போனது. குட்டி கொட்டடியில் கத்திக்கொண்டிருந்தது.

ஆடு இல்லாத வீட்டில் கொடி இன்னும் வாடியது. இலைகள் கருகின. இப்போது மாலையிலும் நிமிரவில்லை. ஒச்சம்மா அரிவாளை எடுத்துவந்து வேரைத் தோண்டிப் பார்த்தாள். வேர் வெள்ளையாக இருந்தது. எங்கும் பல் படவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தண்டை அறுத்தாள். அறுத்தபின் மனசு கேட்காமல், ஒட்டிக்கொள்ளாதா என்று இரண்டு முனைகளையும் சேர்த்துத் தேய்த்தாள். பிரித்தபோது நடுவில் எச்சில்போல் ஒரு நூல் இழுபட்டு வந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். கசந்தது.

இலையைப் புரட்டினாள். வண்டுகள் இருந்தன.

"நீங்களா?"

"கசப்பு எங்கேயோ அங்கே நாங்க" என்றது ஒரு வண்டு. "வேணும்னு செய்யல. எங்க வாய் அப்படி."

"ஆட்டை இழுத்துட்டு வந்தப்ப ஏன் சொல்லல?"

"எங்களை யாரும் கேக்கலியே."

கொடி ஏதோ சொல்ல முயன்றது. தண்டு அறுந்திருந்ததால் குரல் வரவில்லை. வெளியே வந்தது அந்த நூல் மட்டும்தான். உச்சி வெயிலுக்குள் கொடி செத்துவிட்டது. காய் அரைப்பழமாக இருந்தது. அதைப் பிளந்ததில் முளைக்கிற மாதிரி கொஞ்சம் விதை தேறியது. குட்டி தேறவில்லை.

அடுத்த பருவத்தில் அந்த விதையிலிருந்து கொடிகள் வந்தன. தாய்க்கொடியின் கசப்பும் கூடவே வந்து, காயின் காம்புப் பக்கத்தில் தங்கியிருந்தது. ஒச்சம்மா முதல் காயைப் பறித்து, காம்பு முனையை நறுக்கி, நறுக்கிய துண்டையே அதன்மேல் வைத்துத் தேய்த்தாள். வெள்ளை நுரை வந்தது.

"என்ன பண்ற?" என்றான் சின்னாண்டி.

"கேக்குறேன். போன தடவை வாயால கேட்டேன்."

அவன் அந்தக் காயைத் தின்னவில்லை.

அந்தக் கோடைக்குப் பிறகுதான் வெள்ளரியை நறுக்குமுன் காம்பைத் தேய்த்து நுரையை வெளியே எடுக்கும் பழக்கம் வந்தது. ஈர மண்ணில் நின்றுகொண்டே வெள்ளரிக் கொடி வாடிச் சாவதும், அறுத்துப் பார்க்கிறவரை காரணம் சொல்லாததும் அன்றிலிருந்துதான்.