வாசலில் தூக்கிய கை

"மில்லை இடிச்சுப் பன்னெண்டு வருசமாச்சுங்கம்மா. என்ற மண்டைக்குள்ள மட்டும் இன்னும் மூணு ஷிப்டும் ஓடுது."

அங்கண்ணன் முப்பத்து நாலு வருடம் நூல் மில்லில் வேலை பார்த்தவர். குரு சிவகாமி அவரைவிட இருபது வயது இளையவர். அதிலெல்லாம் அங்கண்ணனுக்கு வருத்தமில்லை. தூக்கம் வந்தால் போதும் என்ற நிலையில் இருந்தார் மனுஷன். கண்ணை மூடினால் காதுக்குள் மில் சங்கு ஊதியது. மந்திர உபதேசம் கேட்டு மூன்று மாதமாக நடையாய் நடந்துகொண்டிருந்தார்.

மில் இருந்த ஆற்றங்கரையில் இப்போது பூங்கா. குரு அவரை அங்கே கூட்டிப் போனார்.

"ஒரு சுத்து சுத்திட்டு வாங்கண்ணா. மில்லைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது. வாசலைத் தாண்டி வந்ததும் உபதேசம்."

இதென்ன பிரமாதம் என்று கிளம்பினார்.

ஊஞ்சல் ஆடிய இடம் பஞ்சு குடோன். வாயைத் திறக்கவில்லை. ரோஜாப் பாத்தி இருந்த இடத்தில்தான் சூப்பர்வைசர் அவரை ஒரு வாரம் சஸ்பெண்டு செய்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். இடிக்காமல் விட்டிருந்த புகைபோக்கியின் கீழே நின்ற ஒருவர், "இது என்னங்க, செங்கல் சூளையா?" என்று அவரையே பிடித்துக் கேட்டார்.

அங்கண்ணனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"தெரியலீங்க," என்றார்.

ஜெயித்தாகிவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்தார். காவலாளியைப் பார்த்தார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றுவிட்டார்.

மில்லில் அப்படித்தான். வேலை முடிந்து போகிறவன் நூல் எதையும் ஒளித்திருக்கிறானா என்று வாட்ச்மேன் தடவிப் பார்ப்பார். அவர் "போ" என்ற பிறகுதான் கை இறங்கும்.

பூங்காக் காவலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. நடைப்பயிற்சி முடித்து ஐந்தாறு பேர் பின்னால் வந்து நின்றார்கள். ஏதோ புதுச் சட்டம் போலிருக்கிறது என்று அவர்களும் கையைத் தூக்கினார்கள்.

குரு வாசலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை வலிக்குதுங்கம்மா," என்றார் அங்கண்ணன் கடைசியில். "இன்னும் போன்னு சொல்லலீங்களே."

"யாருங்கண்ணா சொல்லோணும்?"

அங்கண்ணன் காவலாளியைப் பார்த்தார். அவர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். பிறகு அங்கண்ணன் பின்னால் திரும்பிப் பார்த்தார். அத்தனை கைகளும் வரிசையாக மேலே உயர்ந்திருந்தன.

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

கையை இறக்கினார். வரிசையைப் பார்த்துச் சொன்னார்:

"போங்க."